காட்சிமுனையில் எத்தனை மணிக்கு நிற்க வேண்டும்?

ஒருநாள் மலை நடைக்குத் திட்டம் போடுகிறோம், கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள் என்று யாராவது வந்தால் நான் திருப்பிக் கேட்பது ஒரே கேள்விதான்: மேலே அந்தக் காட்சிமுனையில் எத்தனை மணிக்கு நிற்கப் போகிறீர்கள்? எந்த மலை, எத்தனை கிலோமீட்டர், என்ன ஷூ, யார் யார் வருகிறார்கள், எல்லாவற்றுக்கும் பதில் தயாராக இருக்கும். இதற்கு மட்டும் இருக்காது. "காலையில கிளம்பினா மதியத்துக்குள்ள போயிடலாம்ல?" என்பார்கள். போய்விடலாம். ஆனால் அந்தப் பாறையில் காலை எட்டரைக்குத் தெரிவதும் மதியம் ஒன்றரைக்குத் தெரிவதும் வேறு வேறு காட்சிகள். சில நாள் ஒன்றரை மணிக்குக் காட்சியே இருக்காது, எதிரே வெள்ளைத் திரைதான். நாம் ஏறுவதே அந்தக் காட்சிக்காக என்றால் திட்டமும் அந்த நேரத்திலிருந்துதான் தொடங்க வேண்டும், மற்றதெல்லாம் அதிலிருந்து பின்னால் எண்ணிக்கொண்டு வருவது.

கணக்குப்படி பார்த்தால் உயரம் நமக்கு நிறையவே தருகிறது. சுற்றியுள்ள தரையைவிட 450 மீட்டர் மேலே நின்றால் அடிவானம் சுமார் 75 கிலோமீட்டர் தள்ளிப் போய்விடும். உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.57-ஆல் பெருக்கிப் பாருங்கள், கிலோமீட்டரில் விடை வரும். ஆனால் அந்த 75 கிலோமீட்டரில் எவ்வளவு கண்ணுக்குக் கிடைக்கும் என்பது காற்றின் கையில் இருக்கிறது. இரவெல்லாம் அடங்கிக் கிடக்கிற காற்று, வெயில் ஏறித் தரை சூடானதும் மேலே கிளம்புகிறது, கிளம்பும்போது தூசியையும் ஈரத்தையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு வருகிறது. காலையில் அடுக்கடுக்காக எண்ண முடிந்த மலைவரிசையில் கடைசி இரண்டு அடுக்கு பதினோரு மணி வாக்கில் காணாமல் போவது இதனால்தான். முந்தின நாள் நல்ல மழை பெய்து ஓய்ந்திருந்தால் தூசி அடங்கியிருக்கும், அந்த மாதிரி ஒரு காலை கிடைத்தால் வேறு வேலை எதுவாக இருந்தாலும் தள்ளிவைத்துவிட்டுப் போகலாம்.

முனை எந்தத் திசையைப் பார்த்திருக்கிறது என்பதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். மேற்கு பார்த்த முனை என்றால் காலை நேரம் அருமை. சூரியன் நம் முதுகுக்குப் பின்னால் இருக்கும், எதிர்மலையின் ஒவ்வொரு மடிப்பிலும் வெளிச்சமும் நிழலும் தனித்தனியாகத் தெரியும். அதே முனைக்கு மாலை நான்கு மணிக்குப் போனால் வெயில் நேரே கண்ணில் அடிக்கும், நடுவில் இருக்கிற புழுதி மூட்டம் முழுக்க ஒளிர்ந்து, மலை வெறும் சாம்பல் நிற விளிம்பாக நிற்கும். கிழக்கு பார்த்த முனைக்கு இதெல்லாம் நேர்மாறு. வரைபடத்தில் ஒரு நிமிடம் பார்த்தால் தெரிந்துவிடுகிற விஷயம் இது.

மேகத்துக்கும் ஒரு கணக்கு உண்டு, எனக்கு ரொம்பப் பிடித்த கணக்கு. வானிலைச் செயலியில் வெப்பநிலையோடு பனிப்புள்ளி என்று ஓர் எண்ணும் இருக்கும். காற்று எந்த வெப்பநிலைக்குக் குளிர்ந்தால் அதிலுள்ள ஈரம் துளியாக மாறத் தொடங்குமோ, அதுதான் பனிப்புள்ளி. வெப்பநிலையிலிருந்து அதைக் கழித்து வருகிற வித்தியாசத்தை 125-ஆல் பெருக்கினால் மேகத்தின் அடிப்பாகம் எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கும் என்பது தோராயமாகக் கிடைக்கும். அடிவாரத்தில் 24 டிகிரி, பனிப்புள்ளி 21 என்று வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் 3, ஆகவே மேகம் 375 மீட்டரில் ஆரம்பிக்கும். நாம் ஏறப்போவதோ 450 மீட்டர். அன்றைக்கு மேகத்துக்குள்தான் நிற்போம். வித்தியாசம் 8 என்றால் மேகம் ஆயிரம் மீட்டரில், நம் தலைக்கு மேலே அதுபாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். வெயிலில் சூடாகி எழும் காற்றிலும் மலைச்சரிவில் மோதி மேலேறும் காற்றிலும் உருவாகிற மேகத்துக்கான கணக்கு இது, எல்லா மேகத்துக்கும் பொருந்தாது. ஆனாலும் முந்தின இரவு மணிவாரி முன்னறிவிப்பைத் திறந்து, நாம் மேலே நிற்கிற மணிக்கு என்ன வித்தியாசம் காட்டுகிறது என்று பார்த்தால், மழை ஐகானைப் பார்ப்பதைவிட எவ்வளவோ மேல்.

இதற்கு விதிவிலக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். மேகமில்லாத, காற்றில்லாத இரவுகளில் குளிர்ந்த காற்று கனமாகிச் சரிவு வழியாக இறங்கிப் பள்ளத்தாக்கில் தேங்கிவிடும், விடியும்போது அடிவாரம் முழுக்க மூடுபனி. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது, கூட வந்தவர்கள் முகம் தொங்கிவிடும். அந்த மாதிரிக் காலையில் கட்டாயம் ஏற வேண்டும் என்பேன். பனி பள்ளத்தில்தான் இருக்கிறது. பாதிவழியில் அதை விட்டு வெளியே வந்துவிடுவோம், மேலே நீல வானம் இருக்கும், கீழே பள்ளத்தாக்கு முழுவதும் பனி நிரம்பிக் கிடக்கும், தீவுகளாகச் சில முகடுகள் மட்டும் வெளியே தெரியும். சூரியன் தாழ்வாக முதுகுக்குப் பின்னால் இருந்தால் நம் நிழலே எதிரே பனியின் மேல் பூதாகரமாக விழும், தலையைச் சுற்றி வண்ண வளையம் வேறு. ஜெர்மனியின் ஹார்ட்ஸ் மலைகளில் உள்ள ப்ரோக்கன் சிகரத்தின் பெயரால் இதை ப்ரோக்கன் பூதம் என்கிறார்கள், 1780-இல் யோஹான் ஸில்பர்ஷ்லாக் என்பவர் இதை விவரித்து எழுதினார். பக்கத்தில் நிற்பவர் தலையைச் சுற்றி வளையம் நமக்குத் தெரியாது, அவரவர் தலை வளையம் அவரவருக்கு மட்டுமே. வெயில் ஏறினால் இந்தப் பனி கலைந்துவிடும் என்பதால் இங்கேயும் விஷயம் எத்தனை மணிக்கு மேலே நிற்கிறோம் என்பதில்தான் வந்து நிற்கிறது.

சரி, எட்டே முக்காலுக்கு மேலே நிற்க வேண்டும் என்று முடிவாகிவிட்டது. எத்தனை மணிக்குக் கீழிருந்து நடக்கத் தொடங்க வேண்டும்?

இதற்கு 1892-இலேயே ஒருவர் வழி சொல்லி வைத்திருக்கிறார், ஸ்காட்லாந்தைச் சேர்ந்த மலையேறி வில்லியம் நெய்ஸ்மித். அவருடைய கணக்கை இன்றைய அலகில் சொன்னால், 5 கிலோமீட்டர் தூரத்துக்கு ஒரு மணி நேரம், அதோடு 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். போக 5 கிலோமீட்டர், ஏற்றம் 450 மீட்டர் என்று ஒரு பாதையை எடுத்துக்கொள்வோம். தூரத்துக்கு ஒரு மணி, ஏற்றத்துக்கு 45 நிமிடம், ஆக ஏற ஒன்றே முக்கால் மணி. இறங்க ஒரு மணி. மொத்தம் இரண்டே முக்கால். இது நல்ல பழக்கம் உள்ளவர் நிற்காமல் நடந்தால் ஆகிற நேரம். தண்ணீர் குடிக்க நிற்பது, ஷூ கயிறு அவிழ்வது, ஒரு பறவையைப் பார்த்துவிட்டு எல்லோரும் நிற்பது, இதெல்லாம் அதில் சேராது. வாரம் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்கிறவர்கள் கலந்த கூட்டம் என்றால் நான் யோசிக்காமல் ஒன்றரையால் பெருக்கிவிடுவேன். ஏற இரண்டு மணி நாற்பது நிமிடம், இறங்க ஒன்றரை மணி, மேலே உட்கார முக்கால் மணி, ஆகக் கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம். எட்டே முக்காலுக்கு மேலே என்றால் ஆறு மணி ஐந்து நிமிடத்துக்குக் கால் பாதையில் இருக்க வேண்டும். ஆறு மணிக்கு வீட்டிலிருந்து கிளம்புவது என்று இதைப் புரிந்துகொள்கிறவர்கள் எல்லாக் கூட்டத்திலும் உண்டு, அவர்களுக்கு மட்டும் தனியாக ஒரு தடவை சொல்லிவிடுவது நல்லது.

அப்புறம், வேகத்தைக் கூட்டத்திலேயே மெதுவாக நடப்பவரை வைத்துத்தான் கணக்கிட வேண்டும், அவரைத்தான் முன்னால் விட வேண்டும். பின்னால் விட்டால் என்ன நடக்கிறது பாருங்கள். முன்னே போனவர்கள் ஒரு திருப்பத்தில் உட்கார்ந்து ஓய்வெடுத்துக்கொண்டிருப்பார்கள், இவர் மூச்சு வாங்க வந்து சேர்ந்ததும் "வந்தாச்சா, போலாமா?" என்று எழுந்துவிடுவார்கள். அதிகம் ஓய்வு தேவைப்படுகிறவருக்கு நாள் முழுக்க ஓய்வே கிடைக்காது. இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். மலையில் ஒருவரோடு நடப்பதென்றால் அவர் வேகத்தில் நடப்பது.

பாதைக் குறிப்பில் 'மிதமானது' என்று போட்டிருக்கிறதே, அது போதாதா என்று கேட்டால், போதாது. அந்த அளவுகோலை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவின் ஷெனன்டோவா தேசியப் பூங்காவில் ஒரு சூத்திரம் வைத்திருக்கிறார்கள்: ஏற்றத்தை அடியில் எடுத்து, அதை இரண்டால் பெருக்கி, மைல் கணக்கில் மொத்த தூரத்தால் பெருக்கி, வர்க்கமூலம் எடுப்பது. விடை 50-க்குக் கீழே என்றால் எளிது, 50 முதல் 100 வரை மிதம், அதற்கு மேல் போகப் போகக் கடினம். மேலே சொன்ன பாதையை, அதாவது போய்வர 10 கிலோமீட்டர், 450 மீட்டர் ஏற்றம், இதில் போட்டுப் பார்த்தால் 135 சொச்சம் வருகிறது. அவர்கள் கணக்கில் அது மிதத்தைத் தாண்டி ஒரு படி மேலே. சுவிட்சர்லாந்தின் ஆல்பைன் சங்கம் வைத்திருக்கிற டி1 முதல் டி6 வரையிலான தரவரிசையோ உழைப்பைப் பற்றிப் பேசுவதே இல்லை. பாதை எவ்வளவு தெளிவு, சறுக்கினால் விழுகிற இடமா, கை ஊன்ற வேண்டியிருக்குமா என்பதைத்தான் அது பார்க்கிறது. ஆகவே மிதம் என்று எழுதியிருந்தால், யார் எழுதியது, எதை வைத்து எழுதியது என்று கேட்டுவிட்டு, தூரத்தையும் ஏற்றத்தையும் நாமே எடுத்துக்கொண்டு கணக்குப் போட வேண்டியதுதான்.

அந்த இரண்டு எண்ணும்கூட முழு உண்மையைச் சொல்லாது. சமவுயரக் கோடுகள், அதாவது ஒரே உயரத்தில் இருக்கிற இடங்களை இணைக்கிற கோடுகள், போட்ட வரைபடத்தை விரித்துப் பாருங்கள். 20 மீட்டருக்கு ஒரு கோடு என்றால் 450 மீட்டர் ஏற்றத்தில் பாதை 22 கோடுகளை வெட்டிக்கொண்டு போக வேண்டும். பென்சில் முனையைப் பாதையின் தொடக்கத்தில் வைத்து மெதுவாக நகர்த்துங்கள், ஒவ்வொரு கோட்டைத் தாண்டும்போதும் எண்ணிக்கொண்டே வாருங்கள். முதல் மூன்றரை கிலோமீட்டரில் மூன்றே மூன்று கோடுதான் வருகிறது, ஓடையை ஒட்டிய நடை, குழந்தைகள்கூடப் பேசிக்கொண்டே வருவார்கள். அப்புறம் பாதை வலப்பக்கம் திரும்புகிறது, கடைசி ஒன்றரை கிலோமீட்டரில் மிச்சக் கோடுகள் எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு வந்துவிடுகின்றன. இந்தப் பாதையின் சராசரிச் சரிவு 9 சதவீதம்தான், அதாவது நூறு மீட்டர் தூரத்துக்கு 9 மீட்டர் ஏற்றம், ஆனால் கால் உணரப்போவது அந்தக் கடைசி ஒன்றரை கிலோமீட்டரின் 25 சதவீதத்துக்கு மேற்பட்ட சரிவை. வெயிலும் அப்போதுதான் ஏறியிருக்கும், தண்ணீரும் அப்போதுதான் குறைந்திருக்கும். கோடுகள் மேட்டுப்பக்கம் கூர்மையாக வளைந்திருந்தால் அது ஓடை ஓடும் பள்ளம், மழைக்காலத்தில் அங்கே தண்ணீரைக் கடக்க வேண்டியிருக்கும். தாழ்ந்த பக்கம் நோக்கி வளைந்திருந்தால் முகட்டு முதுகு, காற்று அடிக்கும், நிழல் குறைவாக இருக்கும். நல்ல காட்சிமுனை எங்கே இருக்கும் என்பதையும் கோடுகளே காட்டிக்கொடுக்கும். நிற்கிற இடத்தில் கோடுகள் அகலமாகப் பரந்திருந்து, அதற்கு முன்னால் சட்டென்று ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிற இடம் எதுவோ, அங்கே தரை தட்டையாக இருக்கிறது, எதிரே செங்குத்தாக இறங்குகிறது என்று அர்த்தம். உட்காரவும் இடம் இருக்கும், மறைக்கவும் ஒன்றும் இருக்காது.

ஏற்றத்துக்குப் பயப்படுகிற அளவுக்கு இறக்கத்துக்கு யாரும் பயப்படுவதில்லை. அங்கேதான் கணக்கு தப்புகிறது. வால்டோ டோப்ளர் என்ற புவியியலாளர் 1993-இல் நடைவேகத்துக்கு ஒரு சமன்பாடு கொடுத்தார். அதன்படி மனிதர் அதிக வேகமாக நடப்பது சமதளத்தில் அல்ல, 5 சதவீதம் மட்டும் தாழ்கிற மெல்லிய இறக்கத்தில்தான், மணிக்கு 6 கிலோமீட்டர். இறக்கம் 30 சதவீதமாகிவிட்டால் வேகம் இரண்டரைக்கு வந்துவிடுகிறது, சமதள வேகத்தில் பாதி. செங்குத்தான பாதையில் ஏறினதைவிட வேகமாக இறங்கிவிடலாம் என்பது ஓரளவுக்கு உண்மைதான், ஆனால் நினைக்கிற அளவுக்கு வேகம் கிடைக்காது. தொடைத் தசை இறங்கும்போது நீண்டுகொண்டே பாரம் தாங்குகிறது, பிரேக் பிடிக்கிற வேலை. பழக்கமில்லாத தசைக்கு அது பெரிய அடி. ஒன்றிரண்டு நாள் கழித்துப் படி இறங்கும்போது தொடை வலிப்பது ஏறினதால் அல்ல, இறங்கினதால். போகிறதற்கு இரண்டு மூன்று வாரம் முன்னாலிருந்தே பயிற்சி செய்ய நினைத்தால் படி ஏறுங்கள், ஏறின படியை லிஃப்டில் இறங்காமல் நடந்தே இறங்குங்கள்.

இதனால்தான் திரும்பும் நேரம் என்று ஒன்றைக் கீழேயே பேசி முடித்துவிட வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். முனையை அடைந்தாலும் அடையாவிட்டாலும் இத்தனை மணிக்குத் திரும்புகிறோம், அவ்வளவுதான். மேலே போனபின் பேசினால் நடக்காது. கடைசி ஏற்றத்தின் கீழே நின்றுகொண்டு ஒரு நண்பனோடு நடந்த பேச்சு இன்னும் நினைவிருக்கிறது. "அதோ தெரியுதுடா பாறை, கால் மணி நேரம்." மணி பதினொன்று ஆகிவிட்டது, பேசி வைத்த நேரம். மலைக்குப் பின்னால் மேகம் காலிஃப்ளவர் மாதிரி மேல்நோக்கி வளர்ந்துகொண்டிருந்தது. "பேசி வச்சதுதானேடா" என்றேன். அவன் ஒரு நிமிடம் பாறையையே பார்த்துக்கொண்டு நின்றான், அப்புறம் ஒன்றும் சொல்லாமல் திரும்பி எனக்கு முன்னால் இறங்க ஆரம்பித்தான். மரங்களுக்குள் வந்து அரைமணி நேரத்தில் முதல் இடி கேட்டது. அந்த நேரம் நாங்கள் மொட்டைப் பாறையில் இருந்திருப்போம்.

இடி விஷயத்தில் சமாதானமே கூடாது. தரை சூடாகி மேகம் வளர்ந்து இடிக்க மதியம் ஆகும் என்பதால், மலையில் பல பருவங்களில் காலை தெளிவாக இருந்து பிற்பகல் இடியாக முடியும். காட்சிமுனை என்பதே சுற்றிலும் எதுவும் மறைக்காத, உயர்ந்து நிற்கிற இடம், மின்னலுக்கும் அதுதான் வசதி. மின்னலுக்கும் இடிக்கும் நடுவில் மூன்று வினாடிக்கு ஒரு கிலோமீட்டர் என்று தூரம் கணக்கிடலாம், ஆனால் நான் அந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டு நிற்கமாட்டேன். இடி காதில் விழுந்தாலே மின்னல் நம்மைத் தொடுகிற தூரத்தில் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு முகட்டைவிட்டு இறங்கிவிட வேண்டும். தனியாக நிற்கிற மரத்தடிக்குப் போகக் கூடாது. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை திரும்ப மேலே போகக் கூடாது.

மாலைச் சூரியனைப் பார்க்கத்தான் ஆசை என்கிறவர்கள் நிறைய. ஆசை நியாயம்தான், ஆனால் சூரியன் மறைவதை மேலே நின்று பார்த்தால் மொத்த இறக்கமும் இருட்டில். களைத்த கால், தளர்ந்த சரளை, தெரியாத வளைவு, மூன்றும் ஒன்றாக வந்து சேரும். அட்டவணையில் போட்டிருக்கிற மறையும் நேரம் சமதளத்துக்கானது. மலையின் மறுபக்கச் சரிவில் அதற்கு ரொம்ப முன்னாலேயே நிழல் விழுந்துவிடும், மரத்தடிப் பாதை இன்னும் சீக்கிரம் இருண்டுவிடும். பூமத்தியரேகைக்குப் பக்கத்தில் போகப் போக அந்தி வெளிச்சமும் நீளாது, இருபது இருபத்தைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். பொன் வெளிச்சம்தான் வேண்டும் என்றால் சூரிய உதயத்துக்குப் போங்கள். இருட்டில் ஏறுவது இருட்டில் இறங்குவதைவிட எவ்வளவோ பாதுகாப்பு, ஒவ்வொரு நிமிடமும் வெளிச்சம் கூடிக்கொண்டு வரும், இறங்கும்போது முழுப் பகல். எதற்குப் போனாலும் அந்தப் பாதை எத்தனை மணிக்குத் திறக்கிறார்கள், அனுமதி வேண்டுமா, காட்டுத்தீக் காலமென்று மூடி வைத்திருக்கிறார்களா என்பதை முதலில் கேட்டுவிட வேண்டும். இது தெரியாமல் போட்ட திட்டம் வாசலிலேயே முடிந்துவிடும்.

பையில் என்ன வைப்பது என்பதில் எனக்குப் பெரிய பட்டியல் கிடையாது. தண்ணீர் மணிக்கு அரை லிட்டர், ஐந்து மணி நேரத்துக்கு இரண்டரை லிட்டர், அதுவே இரண்டரை கிலோ என்பதை நினைவில் வைத்து மற்றதைக் குறைத்துக்கொள்ள வேண்டும். வெயில் நாளில் இன்னும் கொஞ்சம் கூட்டலாம், ஆனால் வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் உடம்பில் உப்பு நீர்த்துப்போய் அதுவும் ஆபத்து, நடுநடுவே உப்புள்ளதாக ஏதாவது தின்ன வேண்டும். பகல் நடைதானே என்று நெற்றி விளக்கை விட்டுவிட்டு வராதீர்கள். கைபேசி டார்ச் போதும் என்பவர்களுக்கு, பாதை தவறின நேரத்தில் வெளிச்சம், வரைபடம், உதவிக்கு அழைப்பு மூன்றுக்கும் அதே பேட்டரிதான் என்பதை ஞாபகப்படுத்துகிறேன். சிக்னல் இல்லாத இடத்தில் கைபேசி டவரைத் தேடித் தேடியே பேட்டரியைத் தின்றுவிடும். ஜிபிஎஸ்ஸுக்கு டவர் தேவையில்லை, அது செயற்கைக்கோளிலிருந்து நேரே வருகிறது. வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொண்டு ஃப்ளைட் மோடில் போட்டுவிட்டு, ஜிபிஎஸ் வேலை செய்கிறதா என்று வீட்டிலேயே சோதித்துவிட்டால் நாள் முழுக்கத் தாங்கும். ஒரு விசில். மலையில் ஆபத்துச் சைகை என்பது நிமிடத்துக்கு ஆறு ஊதல், ஒரு நிமிடம் நிறுத்தி மறுபடி ஆறு, கேட்டவர் பதிலுக்கு மூன்று ஊத வேண்டும். தொண்டை கத்தி அடைத்துப்போன பிறகும் விசில் ஊத முடியும்.

உடை பற்றி ஒன்றே ஒன்று. உயரம் ஏற ஏற சராசரியாக ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி குறையும், நம் 450 மீட்டருக்கு மூன்று டிகிரிதான், ஒன்றுமில்லை என்று தோன்றும். ஆனால் வேர்த்துக் கொட்டி ஏறிப்போய்க் காற்று அடிக்கிற பாறையில் உட்காரும்போது அந்த மூன்று டிகிரி நடுக்கிவிடும், ஈரமான பருத்திச் சட்டை உடம்போடு ஒட்டிக்கொண்டு குளிரை இன்னும் கூட்டும். மெல்லிய காற்றுத் தடுப்பு ஜாக்கெட் ஒன்று, மாற்றிக்கொள்ள ஒரு காய்ந்த சட்டை. அது இருந்தால் முக்கால் மணி நேரம் உட்காரலாம், இல்லாவிட்டால் பத்து நிமிடத்தில் எழுந்துவிடுவோம். இவ்வளவு கணக்குப் போட்டு வந்ததெல்லாம் அந்த முக்கால் மணிக்காகத்தான்.

ஷூ புதிதாக இருக்கக் கூடாது, இது எல்லோருக்கும் தெரியும். தெரியாதது கயிறு. ஏறும்போது கணுக்கால் மடங்க வசதியாக மேல்பக்கம் கொஞ்சம் தளர்த்தியாகக் கட்டலாம். இறங்குவதற்கு முன்னால் முனையிலேயே உட்கார்ந்து கயிற்றை முழுக்கத் தளர்த்துங்கள், குதிகாலைத் தரையில் ஒரு தட்டுத் தட்டி, பாதத்தை ஷூவின் பின்பக்கம் நன்றாகத் தள்ளுங்கள், அப்புறம் கீழிருந்து மேலாக ஒவ்வொரு துளையிலும் இழுத்து, கணுக்கால் வளைகிற இடத்தில் மட்டும் இறுக்கமாகக் கட்டுங்கள். இப்போது பாதம் முன்னால் சறுக்காது. இதைச் செய்யாமல் இறங்கினால் ஒவ்வோர் அடியிலும் கட்டைவிரல் நகம் ஷூ முனையில் போய் மோதும், இரண்டு மூன்று கிலோமீட்டரில் நகம் கறுத்துவிடும். முந்தின நாளே நகம் வெட்டிக்கொள்வதும் இதோடு சேர்ந்ததுதான். குதிகாலில் சூடாக உரசுகிற மாதிரி லேசாகத் தோன்றினாலே நின்றுவிட வேண்டும், அந்த நேரத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டினால் கொப்புளம் வராது. கூட்டத்தை நிறுத்தக் கூச்சப்பட்டுக்கொண்டு நடப்பவர்கள்தான் அவதிப்படுகிறார்கள்.

கூட வராத ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும், போகிற மாதிரி சொல்லாமல் தேடுகிற மாதிரி சொல்ல வேண்டும். எந்தப் பாதை வாசல், எந்த முனை, எத்தனை பேர், வண்டி எங்கே நிற்கும், எத்தனை மணிக்குக் கீழே வந்து தகவல் சொல்வோம், எத்தனை மணி வரை தகவல் இல்லையென்றால் யாரைக் கூப்பிட வேண்டும். இந்தக் கடைசி இரண்டும் இல்லாத செய்தி பிரயோஜனப்படாது, அவர் கவலைப்பட்டுக்கொண்டே உட்கார்ந்திருப்பார்.

மேலே போய்ச் சேர்ந்ததும் முதலில் காய்ந்த சட்டை, அப்புறம் தண்ணீர், அப்புறம் காட்சி. விளிம்புக்குப் போகும்போது பையைக் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள், பையோடு திரும்பினால் பையின் கனம் நம்மையும் சேர்த்துத் திருப்பும். படம் எடுக்கிறேன் என்று பின்னால் பார்க்காமல் அடியெடுத்து வைப்பதை யார் செய்தாலும் சத்தம் போட்டுத் தடுத்துவிடுங்கள், கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். பாசி பிடித்த பாறையும் காலைப் பனியில் நனைந்த பாறையும் காய்ந்த மாதிரிதான் தெரியும், கையால் தொட்டுப் பார்த்துவிட்டு உட்காருங்கள். பத்து நிமிடம் போனபிறகு கண் பழகி, தூரத்து முகடுகளில் பாதைகளும் அருவிக் கோடுகளும் ஒவ்வொன்றாகப் பிடிபடும். வந்ததும் படமெடுத்துவிட்டுத் திரும்புகிறவர்களுக்கு இது கிடைப்பதில்லை, எனக்கு அவர்களைப் பார்த்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது.

இறங்கும்போது அடியைச் சின்னதாக வையுங்கள், முழங்காலை லேசாக மடித்தே வைத்திருங்கள், காய்ந்த சருகு மூடின இடத்திலும் உருண்டைச் சரளையிலும் பேச்சை நிறுத்திவிட்டு இறங்குங்கள். ஊன்றுகோல் இருந்தால் ஏறும்போது இருந்ததைவிடக் கொஞ்சம் நீளமாக வைத்துக்கொள்ளலாம்.

கீழே வந்து தகவல் சொல்லிவிட்டு, வண்டியில் ஏறுவதற்கு முன்னால் கைபேசியிலேயே நான்கு நேரத்தை எழுதி வையுங்கள்: நடக்கத் தொடங்கியது, முனைக்கு வந்தது, முனையைவிட்டுக் கிளம்பியது, கீழே வந்தது. கூடவே எவ்வளவு தண்ணீர் மிஞ்சியது என்பதையும். நெய்ஸ்மித் கணக்கில் வந்த நேரத்தால் உங்கள் நேரத்தை வகுத்துப் பாருங்கள். ஏற்றத்துக்கு ஓர் எண் வரும், இறக்கத்துக்கு வேறோர் எண் வரும், இரண்டும் ஒன்றாக இருக்காது. நான் சொன்ன ஒன்றரையைத் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்த முறை அந்த எண்களை வைத்துத் திட்டம் போடுங்கள். வேறு ஆட்கள் வந்தால், அவர்களோடு முதல் தடவை நடக்கிறவரை மட்டும் பழைய ஒன்றரையே இருக்கட்டும்.